குட்டைமேல் எழுந்த காம்ப்ளெக்ஸ்

மணவூரிலிருந்து கல்யாணமாகித் திருத்தணிக்கு வந்த புதிதில், எங்கள் வீட்டிலிருந்து கடைவீதிக்குப் போகும் வழியில் ஒரு குட்டை இருந்தது. எருமைகள் கழுத்துவரை அதில் அமிழ்ந்து கிடக்கும். சித்திரை வெயிலிலும் அது முழுதாக வற்றி நான் பார்த்ததில்லை. அந்தக் குட்டையைத்தான் எழுபதுகளின் நடுவில் அரிசி மில்காரர் ஒருவர் வாங்கி மூடினார்.

மண் மட்டும் கொட்டி மூடவில்லை. மில்லிலிருந்து வந்த உமிச்சாம்பல், இடித்த வீடுகளின் செங்கல், உடைந்த ஓடு எல்லாம் உள்ளே போயின. ஒருநாள் சாம்பல் ஏற்றி வந்த லாரியின் பின்சக்கரங்கள் அச்சுவரைக்கும் இறங்கிவிட்டன. சங்கிலி கட்டி இழுத்தார்கள், அசையவில்லை. மறுநாள் வேறு லாரி வந்து இழுத்தபோது சேறு சக்கரத்தை விட்ட சத்தம் இருக்கிறதே, பசித்த மிருகத்தின் வாயிலிருந்து இரையைப் பிடுங்கினால் அப்படித்தான் கேட்கும். நான் அப்போது என் பெண்ணை வயிற்றில் சுமந்துகொண்டிருந்தேன். வேடிக்கை பார்க்க நின்றவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினேன்.

அதன்மேல் கட்டிடம் எழும்பியது. திருத்தணியில் அதற்குமுன் மாடிக் கடை கிடையாது. கடை என்றால் தெருவோடு ஒட்டிய ஓட்டு வீட்டின் முன்பகுதி, பலகைக் கதவு, அவ்வளவுதான். இங்கே கீழே ஒரு வரிசை, மாடியில் ஒரு வரிசை, எல்லாவற்றுக்கும் ஷட்டர். மாடிக் கடைகளுக்கு முன்னால் நீளமாக ஒரு வராண்டா. அந்த வராண்டாவுக்குக் கீழே தூண் கிடையாது. சுவரிலிருந்து நேராக வெளியே நீண்டு தெருவுக்கு மேலே அந்தரத்தில் நின்றது. அதுதான் புது மோஸ்தர் என்றார்கள். திறப்புவிழா அன்று நாதஸ்வரம் வைத்தார்கள். கண்டிகைப் பக்கத்திலிருந்தெல்லாம் ஜனங்கள் வந்து, ஷட்டரை ஏற்றி இறக்குவதைப் பார்த்துவிட்டுப் போனார்கள். 'காம்ப்ளெக்ஸ்' என்ற வார்த்தை ஊருக்குள் நுழைந்தது அன்றைக்குத்தான். பாதிப் பேர் வாயில் அது 'காம்ப்லீஸ்' ஆனது.

நான் மிஷன் தையல் பள்ளியில் படித்தவள். ஜாக்கெட், பாவாடை, சின்னப் பிள்ளைகளின் கவுன் எல்லாம் வீட்டிலேயே தைத்துக்கொண்டிருந்தேன். சுற்றியிருந்த நெசவுக் குடும்பத்துப் பெண்கள்தான் என் வாடிக்கை. அவர்களோடு பேசிப் பேசியே தெலுங்கும் வந்துவிட்டது. அரக்கோணத்தில் ரயில்வேயில் வேலை பார்த்த என் கணவருக்கு அந்த மாடியில் எனக்கு ஒரு கடை பிடித்துக் கொடுக்கவேண்டும் என்று ஆசை.

"வூட்லயே தெச்சிகினு இருந்தா நாலு தெருவுக்குத்தான் தெரியும். அங்க போனா ஊரே வரும்" என்றார்.

"அது குட்டைங்க" என்றேன்.

"குட்டை இருந்துச்சி. இப்ப இல்ல. மெட்ராஸ்ல ஏரிய மூடி ஊரே கட்டிகினு இருக்கறாங்க. நீ இன்னா இப்பிடி பயப்படற?"

பயப்படுகிறவள் என்று என்னை அவர் சொன்னது சரிதான். சின்ன வயதிலிருந்தே எனக்கு அந்தக் குணம் உண்டு. ரயில் பாலத்தில் போனால் ஜெபம் செய்வேன். அதனால் என் பயத்தை நானே நம்பாமல், மாடியில் கடைசிக் கடையை எடுத்துக்கொண்டோம்.

மாடிப்படி கட்டிடத்தின் மறுகோடியில் இருந்தது. படி ஏறியதும் முதலில் ஒரு போட்டோ ஸ்டுடியோ. அடுத்து டைப்ரைட்டிங் வகுப்பு. அப்புறம் யாரும் எடுக்காமல் பூட்டிக் கிடந்த ஒரு கடை. கடைசியில் நான். ஸ்டுடியோக்காரத் தம்பி நெசவுக் குடும்பத்துப் பையன், கல்யாணமாகாதவன். தறியில் உட்காரப் பிடிக்காமல் காமிராவைப் பிடித்தவன். என்னை அக்கா என்று கூப்பிடுவான்.

ஆரம்பத்தில் யாரும் மாடி ஏறவில்லை. கீழே பாத்திரக்கடையில் கூட்டம் இருக்கும், மருந்துக்கடையில் இருக்கும். மேலே டைப்ரைட்டர்களின் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும். பிறகு மெல்ல மெல்ல வந்தார்கள். கல்யாணப் பெண்கள் ஜாக்கெட் அளவு கொடுத்துவிட்டு அப்படியே ஸ்டுடியோவில் ஒரு படம் எடுத்துக்கொண்டு போவது வழக்கமானது. என் கணவர் சொன்னபடியே ஊர் வந்தது.

விரிசலை நான் பார்த்தது இரண்டாவது மழைக்காலம் முடிந்த பிறகு. வராண்டாவின் கைப்பிடிச் சுவர் கட்டிடச் சுவரோடு சேரும் மூலை என் கடைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அந்த மூலையில் மேலிருந்து கீழாக ஒரு கோடு. முதலில் பென்சிலால் யாரோ கிறுக்கியது என்று நினைத்து ஈரத்துணியால் துடைத்தேன். போகவில்லை. நகத்தை வைத்துப் பார்த்தேன். நகம் உள்ளே போனது.

மில்காரரிடம் சொன்னேன். அவர் நல்ல மனிதர்தான், ஆள் அனுப்பாமல் தானே வந்தார். குனிந்து பார்த்தார்.

"இது பூச்சுல விடற விரிசல்மா. சிமெண்ட்டு காயும்போது இப்பிடி வரும்."

"அடியில குட்டை இருந்ததுங்களே…"

அவர் முகம் மாறியது. "அத யாருகிட்டயும் சொல்லிகினு இருக்காதம்மா. கடைக்காரங்க பயந்துடுவாங்க. நான் இஞ்சினீயர கூப்புட்டு காட்டறேன்."

இஞ்சினீயர் வந்தார். விரிசலுக்குக் குறுக்காக, விரல் நீளத்துக்கு ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை வைத்து, இரண்டு பக்கமும் சிமெண்ட் அப்பி ஒட்டினார். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும், உடைந்தால் உடனே சொல்லி அனுப்புங்கள் என்றார். உடையாத வரைக்கும் ஒன்றுமில்லை என்று மில்காரர் தன் பங்குக்குச் சேர்த்துக்கொண்டார்.

அவர்கள் நிம்மதியாகப் படி இறங்கிப் போனார்கள். என் நிம்மதி அன்றோடு போனது. அதுவரை என் பயத்துக்கு உருவம் கிடையாது. இப்போது அது ஒரு கண்ணாடித் துண்டாக முழங்கால் உயரத்தில் உட்கார்ந்திருந்தது. காலையில் ஷட்டரைத் தூக்குமுன் அதைப் பார்ப்பேன். சாப்பிட்டுக் கை கழுவப் போகும்போது பார்ப்பேன். மிஷின் மிதித்துக்கொண்டே இருப்பேன், தெருவில் லாரி ஒன்று போகும், தரை அதிர்கிற மாதிரி இருக்கும், எழுந்து போய்ப் பார்ப்பேன். ஸ்டுடியோத் தம்பி சிரிப்பான்.

"இன்னாக்கா, கண்ணாடிக்கு ஒடம்பு எப்பிடி கீது?"

"நல்லாத்தான் இருக்குது. நீ சிரி" என்பேன். சிரித்தாலும், அவனும் அந்தப் பக்கம் வந்தால் ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டுத்தான் போவான்.

ராத்திரியில் வீட்டில் படுத்தால், என் பெண் வராண்டாவில் விளையாடுவதும், தரை மெதுவாகச் சரிவதும் கண்முன் வரும். என் கணவரிடம் சொன்னால், கடையை விட்டுவிடலாமா என்று கேட்பார். அவர் உண்மையாகத்தான் கேட்பார். விட்டுவிடலாம் என்று என் வாயில் வராது. வாடிக்கை அப்போதுதான் கூடியிருந்தது. கண்ணாடியும் உடையவில்லையே. உடையாத கண்ணாடியைக் காட்டி யாரிடம் என்ன சொல்ல முடியும்? வருஷம் ஒன்று அப்படியே ஓடியது. கண்ணாடிமேல் தூசி படிந்தது, நான் துடைத்து வைத்தேன்.

அந்த வருஷம் ஆடிக் கிருத்திகைக்கு வந்த கூட்டத்தைப்போல அதற்குமுன் நான் கண்டதில்லை. முதல்நாளே சித்தூர்ப் பக்கத்திலிருந்தும் புத்தூரிலிருந்தும் பஸ் பஸ்ஸாக இறங்கினார்கள். தெருவெல்லாம் மஞ்சள் துணி, பூக்காவடி, சந்தனம் பூசிய மொட்டைத் தலைகள். ஸ்பெஷல் ரயில் விட்டிருந்ததால் என் கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. கிருத்திகையன்று பள்ளிக்கூடம் விடுமுறை. வீட்டில் வேறு யாரும் இல்லாததால் பெண்ணைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். அவளுக்கு அப்போது ஐந்து வயது முடிந்திருந்தது. டைப்ரைட்டிங் வகுப்பு பூட்டியிருந்தது. மேலே நானும் ஸ்டுடியோவும் மட்டும் திறந்திருந்தோம்.

மத்தியானத்துக்கு மேல் மலைக்குப் பின்னாலிருந்து மேகம் ஏறியது. பிறகு ஒரே அடியாக மழை கொட்டியது. கரண்ட் நின்றது. தெரு முழுக்கக் கட்டியிருந்த ஒலிபெருக்கிகள் ஒரு பாட்டின் நடுவிலேயே அடங்கிப்போயின. ஜனங்கள் ஒதுங்க இடம் தேடி ஓடினார்கள். அந்தத் தெருவிலேயே பெரிய கட்டிடம் எங்களுடையதுதான். கீழே, மாடி வராண்டாவின் அடியில் முதலில் நிறைந்தார்கள். அங்கே இடமில்லாமல் போனதும் மாடிப்படி ஏறினார்கள்.

அவ்வளவு பேரை அந்த வராண்டா அதற்குமுன் சுமந்ததில்லை. தோளோடு தோள் உரச நின்றார்கள். காவடிகளைக் கைப்பிடிச் சுவரில் சாய்த்து வைத்தார்கள். ஈரத்துணி வாடையும், சந்தனமும், கசங்கிய சாமந்தியும் கலந்து மூச்சு முட்டியது. என் கடை வாசலில் மொட்டை போட்ட ஒரு பெண் ஒதுங்கி உட்கார்ந்திருந்தாள். என் வயதுதான் இருக்கும். தலையில் பூசிய சந்தனம் மழையில் கரைந்து கழுத்து வரைக்கும் வழிந்திருந்தது. என் பெண் அவளுடைய சின்னக் காவடியின் பூவைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். அவள் தெலுங்கில் ஏதோ கொஞ்சினாள், ஒரு பூவைப் பிய்த்துக் கொடுத்தாள்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. பெரிய சத்தம் ஒன்றுமில்லை. வளையல் உடைந்தால் வருகிற அளவுதான். அத்தனை இரைச்சலில் வேறு யார் காதிலும் அது விழுந்திருக்காது. ஒரு வருஷமாக அந்தச் சத்தத்துக்காகவே காத்துக்கொண்டிருந்த எனக்கு விழுந்தது.

நின்றவர்களை விலக்கிக்கொண்டு மூலைக்குப் போய்க் குனிந்தேன். கண்ணாடி இரண்டாக இருந்தது. கோடாக இருந்த விரிசலில் இப்போது என் சுண்டுவிரல் போனது. அதோடு நிற்கவில்லை. என் கடை வாசற்படியை ஒட்டித் தரையிலும் ஒரு புதுக்கோடு ஓடியிருந்தது. அந்தக் கோட்டில் மழைத்தண்ணீர் இறங்கிக் காணாமல் போய்க்கொண்டிருந்தது.

வாயைத் திறந்தால் என்ன வரும் என்று எனக்கே தெரியவில்லை. பெண்ணைக் கடைக்குள் தள்ளி, "இங்கியே இரு, வெளிய கால் வெக்காத" என்று சொல்லிவிட்டு, சுவரை ஒட்டி ஒட்டி ஸ்டுடியோவுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

"தம்பி, கண்ணாடி ஒடஞ்சிடுச்சி."

அவன் சிரிக்கவில்லை. வெளியே கூட்டத்தைப் பார்த்தான்.

"கத்தாதீங்கக்கா. கத்தினா எல்லாரும் ஓடுவாங்க. இத்தினி பேரு ஒரேடியா ஓடினா…"

எனக்குப் புரிந்தது. ஓடினால் தரை தாங்காது. தாங்கினாலும் அந்த ஒற்றைப் படியில் ஒருவர்மேல் ஒருவர் விழுவார்கள். கீழே நிற்கிறவர்களோ தலைக்குமேல் என்ன தொங்குகிறது என்று தெரியாமல் நின்றார்கள். சொன்னாலும் ஆபத்து, சொல்லாவிட்டாலும் ஆபத்து. கர்த்தாவே, கர்த்தாவே என்பதைத் தவிர என் நெஞ்சில் வேறு வார்த்தை இல்லை.

"மொதல்ல வராண்டாவுல இருந்து உள்ள இழுங்க" என்றான் தம்பி. "உள்ள செவுரு கீது. தாங்கும்."

அவன் தன் ஸ்டுடியோக் கதவை அகலத் திறந்து, "வாங்க, வாங்க, நனையாதீங்க, உள்ள வந்து ஒக்காருங்க" என்று பிள்ளைக்காரிகளைக் கூப்பிட ஆரம்பித்தான். நான் என் கடைக்குத் திரும்பினேன். விரிசல் இருக்கும் கோடிக்கே திரும்பிப் போகவேண்டியிருந்தது. ஒவ்வொரு அடிக்கும் தரை என்னை விட்டுவிடப்போகிறது என்று தோன்றியது. வெட்டும் மேஜையைச் சுவரோரம் தள்ளி, வாசலில் நின்ற கிழவிகளையும் குழந்தைகளையும் உள்ளே உட்காரவைத்தேன். காவடி தூக்கி வந்த களைப்பில் ஒரு பெரியவர் என் துணி மூட்டைமேல் சாய்ந்தவர் அப்படியே தூங்கிப்போனார். கடை நிறைந்துவிட்டது. வராண்டாவில் கூட்டம் குறைந்ததாகவே தெரியவில்லை.

மழை கொஞ்சம் தணிந்தது. கூட்டத்தில் யாரோ பக்கத்திலிருந்தவரிடம், இந்த மழையில் தெப்பம் நடக்குமா என்று கேட்டது என் காதில் விழுந்தது. கிருத்திகை சாயங்காலம் சாமி மலையிலிருந்து இறங்கிச் சரவணப் பொய்கையில் தெப்பம் சுற்றுவது அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். நான் அதைக் கண்ணால் பார்த்ததுகூட இல்லை. நான் கோவிலுக்குப் போகிறவள் அல்ல, ஞாயிற்றுக்கிழமை வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு சர்ச்சுக்குப் போகிறவள். யோசிக்க நேரமிருந்திருந்தால் என் வாயிலிருந்து அது வந்திருக்குமோ என்னவோ.

"தெப்பம் கிளம்பிடுச்சாம்!" என்றேன். குரல் எழும்பவில்லை. மறுபடி தொண்டையைத் திறந்து கத்தினேன். "சாமி எறங்கிட்டாராம்! தெப்பம் பாக்கறவங்க போங்க, மெதுவா போங்க, கொழந்தைங்க இருக்குது!" அப்படியே தெலுங்கிலும் சொன்னேன். "ஸ்வாமி பயலுதேரினாடு! தெப்பம் சூடண்டி, மெல்லகா வெள்ளண்டி!"

ஒரு கணம் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பிறகு யாரோ "அரோகரா" என்றார்கள். அது பரவியது. கீழேயிருந்தும் "அரோகரா" என்று பதில் வந்தது. ஒலிபெருக்கி அடங்கியிருந்ததால் நான் சொன்னதை மறுக்க ஊரில் எந்தக் குரலும் இல்லை. காவடிகள் தோளுக்கு ஏறின. கூட்டம் படியை நோக்கி நகர்ந்தது.

அவர்கள் நகர்ந்தபோதுதான் எனக்கு உண்மையான பயம் வந்தது. அத்தனை கால்களும் ஒன்றாக அடியெடுத்து வைத்ததில் தரை லேசாக ஆடியது. தம்பி படியின் மேல்முனையில் இரண்டு கைகளையும் விரித்து நின்றுகொண்டு, "ஒவ்வொருத்தரா, ஒவ்வொருத்தரா! மெல்லகா, அம்மா, மெல்லகா!" என்று தடுத்துத் தடுத்து விட்டான். அவன் மட்டும் அங்கே நிற்காமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைக்கப் பிடிக்காது.

மொட்டை போட்ட அந்தப் பெண்ணும் காவடியை எடுத்துக்கொண்டு எழுந்தாள். நான் என் பெண்ணின் கையை அவள் கையில் பிடித்துக் கொடுத்தேன். கடைக்குள் நானே இழுத்து உட்காரவைத்த கிழவிகளும் பிள்ளைகளும் இருந்தார்கள். அவர்களை விட்டுவிட்டு நான் மட்டும் என் பிள்ளையோடு இறங்க முடியவில்லை. அவர்கள் இறங்கும்வரை பிள்ளையை அந்தக் கோடியில் வைத்திருக்கவும் முடியவில்லை.

"பாப்பாவ கீழ கூட்டிகினு போம்மா, நான் பின்னாலியே வரேன்" என்று தெலுங்கில் சொன்னேன். அவள் தலையாட்டினாள். என் பெண் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். அவளுடைய இரட்டைப் பின்னல் கூட்டத்தில் மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிறகு உள்ளே இருந்தவர்களைச் சுவரோரமாக இரண்டிரண்டு பேராக அனுப்பினேன். ஸ்டுடியோவில் இருந்தவர்களைத் தம்பி இறக்கிவிட்டான். கைப்பிடிப் பக்கம் போகாதீர்கள், அங்கே வழுக்குகிறது என்றேன். கடைசியில் பெரியவரை எழுப்பினேன். அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு, "இன்னாம்மா, மழை வுட்டுச்சா?" என்றார்.

"ஆங், வுட்டுச்சிங்க. வாங்க, தெப்பம் பாக்க போலாம்."

அவரைத் தோளோடு அணைத்துக்கொண்டு நடந்தேன். பூட்டிய கடையைத் தாண்டினோம். டைப்ரைட்டிங் வகுப்பைத் தாண்டினோம். தம்பி எட்டி என் கையைப் பிடித்து எங்கள் இருவரையும் ஸ்டுடியோவுக்குள் இழுத்தான். பின்னால் ஏதோ முனகியது. திரும்பிப் பார்த்தேன். என் கடைக்கு முன்னாலிருந்த வராண்டா, கீல் கழன்ற பலகை தொங்குவதுபோல மெதுவாகத் தலை கவிழ்ந்தது. பிறகு சட்டென்று இல்லாமல் போனது. தூசி எழும்பி, மழையில் உடனே அடங்கியது. அது இருந்த இடத்தில் எதிர்ச்சாரி வீடுகளின் கூரை தெரிந்தது.

படியில் எப்படி இறங்கினேன் என்று நினைவில்லை. கீழே கூட்டம் அனேகமாகப் பொய்கைப் பக்கம் போய்விட்டிருந்தது. இடிபாட்டுக்கு அடியில் ஒரு பொரிவண்டி நசுங்கிக் கிடந்தது. வண்டிக்காரர் வண்டியை விட்டுப் போக மனமில்லாமல் நின்றிருக்கிறார். பாத்திரக்கடைக்காரர் சத்தம் கேட்டு அவரைப் பிடித்து உள்ளே இழுத்திருக்கிறார். ஒரு கால்மட்டும் சிக்கிக்கொண்டது. நாலைந்து பேர் கல்லைப் புரட்டி அவரை எடுத்தார்கள். வலியில் அலறிக்கொண்டிருந்தார், ஆனால் உயிரோடு இருந்தார். வேறு யாரும் அடியில் இல்லை. அப்படித்தான் எல்லோரும் சொன்னார்கள். எனக்குத்தான் அதை நம்ப முடியவில்லை. ஏனென்றால் என் பெண்ணை அங்கே காணவில்லை.

மருந்துக்கடையில் இல்லை. பாத்திரக்கடையில் இல்லை. எதிர்ச்சாரியில் இல்லை. "ரெட்டப் பின்னல், பச்சைக் கவுன்" என்று கண்ணில் பட்டவர்களையெல்லாம் கேட்டேன். இடிபாட்டின் கல்லைக் கையால் புரட்டப் போனேன். தம்பி என்னைப் பிடித்து நிறுத்தினான்.

"அக்கா, அங்க ஒருத்தரும் இல்ல. நான் பாத்தேன். அந்தம்மா கூட்டிகினு போயிருப்பாங்க."

"எங்க?"

கேட்கும்போதே எனக்குப் பதில் தெரிந்துவிட்டது. நான் கத்தியதைக் கேட்டுத்தானே அவள் எழுந்தாள்? பின்னாலேயே வருகிறேன் என்று வேறு சொல்லிவிட்டேன். தெப்பம் பார்க்க வருகிறேன் என்றுதானே அவளுக்கு அர்த்தமாகியிருக்கும்?

பொய்கைக்கு ஓடினேன். ஈரச் சேலை காலைத் தடுக்கியது. அந்தத் தூரம் முழுவதும் மனிதர்கள். ஒவ்வொரு மொட்டைத் தலையும் அவள் தலையாகத் தெரிந்தது. கிருத்திகைக் கூட்டத்தில் காணாமல்போய்ப் பிறகு கிடைக்காத பிள்ளைகளைப் பற்றி நான் கேட்ட கதைகள் எல்லாம் அப்போது ஒன்றாக வந்தன. பெயர் தெரியாத ஒருத்தியிடம், ஊர் தெரியாத ஒருத்தியிடம், பிள்ளையைக் கையில் பிடித்துக் கொடுத்திருக்கிறேன். கட்டிடம் விழுந்தபோது வந்த பயமெல்லாம் இந்தப் பயத்தின் முன்னால் ஒன்றுமே இல்லை. பொய்கைக் கரைக்கு வந்தபோது பொழுது மங்கத் தொடங்கியிருந்தது. படிக்கட்டு தெரியாமல் ஜனம் உட்கார்ந்திருந்தது. கீழ்ப்படிகளில் தண்ணீர் தளும்பியது. மழையில் நனைந்த தெப்பத்தில் ஆட்கள் அலங்காரத்தைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். சாமி இன்னும் வரவேயில்லை.

பெண்ணின் பெயரைச் சொல்லிக் கத்தினேன். எத்தனை தரம் கத்தினேனோ. தண்ணீருக்கு மிக அருகிலிருந்து "அம்மா!" என்று பதில் வந்தது.

கடைசிக்கு முந்தின படியில், அந்தப் பெண்ணின் மடியில் உட்கார்ந்திருந்தாள். கையில் பொரி. நெற்றியில் குங்குமம். என்னைப் பார்த்ததும் அந்தப் பெண் முகம் மலர்ந்து, நகர்ந்து இடம்கூட விட்டாள். நான் பிள்ளையைப் பிடுங்கி அணைத்துக்கொண்டு அழுததும் அவள் பயந்துபோனாள்.

"நுவ்வே கதம்மா செப்பினாவு, தெப்பம் பயலுதேரிந்தி அனி?" என்றாள். நீதானே அம்மா சொன்னாய், தெப்பம் கிளம்பிவிட்டதென்று.

"ஆமாம்மா, நான்தான் சொன்னேன்" என்றேன். அவள் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அவள் தன் முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

என் கணவர் அன்று வீடு திரும்பும்போதே ரயிலில் செய்தி கேட்டுவிட்டிருந்தார். எங்கள் இருவரையும் பார்த்ததும் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு ஒரு வார்த்தைதான் சொன்னார். "நீ மொதல்லியே சொன்ன." பெண் அவர் மடியில் ஏறிக்கொண்டாள். "நைனா, நான் தெப்பத்த பாத்தேன். சாமி மட்டும் வரல" என்றாள்.

ஊரில் பல கதைகள் உலவின. மஞ்சள் சேலை கட்டிய ஒருத்தி திடீரென்று தோன்றி, தெப்பம் கிளம்பியதென்று சொல்லி எல்லோரையும் இறக்கிவிட்டு மறைந்துபோனாளாம். என் வீட்டுக்கு வந்து என்னிடமே அதைச் சொன்னவர்கள் உண்டு. நான் அன்று கட்டியிருந்தது நீலச் சேலை. ஸ்டுடியோத் தம்பி கூட இருந்தால் என்னைப் பார்ப்பான், நான் தலையைக் குனிந்துகொள்வேன். மறுப்பதற்கும் பயம், ஒப்புக்கொள்வதற்கும் பயம். சர்ச்சில் போதகரிடம் மட்டும் நடந்ததைச் சொன்னேன். அவர், "எல்லாரும் வூட்டுக்குப் போய் சேந்தாங்களா?" என்று கேட்டார். சேர்ந்தார்கள் என்றேன். "அப்ப ஸ்தோத்திரம் பண்ணு" என்றார்.

மில்காரர் அடுத்த மாதமே வேலை ஆரம்பித்தார். வராண்டா விழுந்த பக்கத்தில் குட்டையின் அடிமண் வரைக்கும் தோண்டினார்கள். தோண்டத் தோண்டக் கருப்பாகச் சாம்பல் வந்ததாம், நான் பார்க்கப் போகவில்லை. புது வராண்டாவுக்குக் கீழே வரிசையாகத் தூண் வைத்தார்கள். பொரிவண்டிக்காரருக்குக் கால் கொஞ்சம் கோணலாகத்தான் கூடியது. மில்காரர் அவருக்குக் கீழ் வரிசையில் படிக்குப் பக்கத்தில் ஒரு பெட்டிக்கடை வைத்துக் கொடுத்தார். ஸ்டுடியோத் தம்பி திரும்பி வரவில்லை. கனகம்மாசத்திரத்தில் ரோட்டோரமாக, மாடியில்லாத ஒரு கடையைப் பிடித்துக்கொண்டான்.

நான் திரும்பி வந்தேன். தைரியம் வந்து திரும்பவில்லை. வாடிக்கைக்காரப் பெண்கள் வீடு தேடி வந்து கேட்டார்கள், என் மிஷினும் மேஜையும் அங்கேதான் இருந்தன. புது வராண்டாவில் முதல் நாள் நடந்தபோது சுவரைப் பிடித்துக்கொண்டே போனேன். எண்பதுகளில் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இதைவிடப் பெரிய காம்ப்ளெக்ஸுகள் வந்தன. எதிலும் நான் காரணமில்லாமல் மாடி ஏறியதில்லை. ஏறினால் முதலில் மூலையைப் பார்ப்பேன். என் பெண் பெரியவளான பிறகு, "எல்லாரும் துணிய பாக்கறாங்க, நீ செவுத்த பாக்கற" என்று கேலி செய்வாள்.

கடை மறுபடி திறந்த அந்த வாரத்தில் ஒரு கல்யாணப் பெண் ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க வந்தாள். வாசலைத் தாண்டத் தயங்கி, எட்டிக் கீழே பார்த்தாள்.

"இங்கதானக்கா வுழுந்துச்சி?"

"ஆங், இங்கதான்."

"மறுபடி இங்கியே ஒக்காந்துகினு தெக்கறீங்களே, பயமா இல்ல?"

"இருக்குது" என்றேன். "உள்ள வா. கைய தூக்கு."